சாரல் வந்தாச்சு... சார் வரலையே!

தென்காசிச் சீமையில் எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பிளஸ் டூ வகுப்பின் இயற்பியல் நாற்காலி மட்டும் காலியாகிறது. ஏன்?

ஜூன் இரண்டாவது வாரம். மேற்கே மலையைக் காணவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கிக் கிடக்கிறது. பஸ் தென்காசியைத் தாண்டியதுமே சன்னல் வழியாகச் சாரல் முகத்தில் தெறிக்கிறது. பேரருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த செய்தி காலையிலேயே வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டதால், பஸ்ஸில் பாதிப் பேர் தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் குற்றாலத்துக்குப் போகிறார்கள். கடைசிக்கு முந்தைய சீட்டில் ஒரு பெண். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட்., சாதிச் சான்றிதழ் வரை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். நனைந்துவிடக் கூடாதே என்று சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த காட்சி தலைமையாசிரியர் அறை. எதிரே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. அதே பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா. "ஒரு பத்து நிமிஷம் பாடம் நடத்துங்க டீச்சர்" என்கிறார் தலைமையாசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடம் நிலை மின்னியல். கரும்பலகையில் இரண்டு மின்னூட்டங்களை வரைந்து, நடுவே அம்புக்குறி போட்டு, சீப்பையும் காகிதத் துண்டையும் வைத்துத் தொடங்குகிறார் அந்தப் பெண். நன்றாகத்தான் நடத்துகிறார். குழுத் தலைவிக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"வருசம் முழுக்க இருப்பீங்களா டீச்சர், இல்ல பாதியில விட்டுட்டுப் போயிருவீங்களா?"

"டி.ஆர்.பி. பாஸ் பண்ணுற வரைக்கும் இருப்பேங்க்கா."

அறையில் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். மாதம் 18 ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைத்தாயிற்று.

இந்தக் காட்சிக்கு ஒரு பள்ளியின் பெயர் தேவையில்லை. புளியரையிலிருந்து வாசுதேவநல்லூர் வரை மலையோரமாகவும், ஆலங்குளத்திலிருந்து திருவேங்கடம் வரை கரிசல் ஓரமாகவும் எங்கே மேல்நிலை வகுப்பில் ஓர் இடம் காலியாகிறதோ அங்கெல்லாம் ஏறக்குறைய இதே நாடகம்தான். நடிகர்கள்தான் மாறுகிறார்கள்.

பஞ்சமா, யார் சொன்னது?

தென்காசி 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. வயது குறைவு. படிப்பின் வயது அப்படி இல்லை. மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அன்று தொடங்கிய மிஷன் பள்ளிகளின் கிளைகள் இந்தப் பக்கத்து ஊர்களிலும் வேர்விட்டன. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியிலேயே இருக்கும் பராசக்தி மகளிர் கல்லூரி 1964இல் தொடங்கியது. குற்றாலநாதர் தேவஸ்தானம் நடத்தும் கல்லூரி அது; சாமி சொத்தில் பெண்பிள்ளைகள் படித்தார்கள். சுரண்டையிலும் கடையநல்லூரிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டம் கொடுக்க மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் திண்ணையில் அம்மா பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே மகள் டி.ஆர்.பி. கைடைப் புரட்டிக்கொண்டிருப்பாள். பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று வருடம் இளங்கலை, இரண்டு வருடம் முதுகலை, பி.எட். 2015 முதல் இரண்டு வருடம். ஆக ஏழு வருடம். அவ்வளவு கட்டுப் பீடி சுற்றித்தான் அந்த வீடு ஒரு முதுகலை ஆசிரியரை உருவாக்கியிருக்கிறது. உருவாக்கி முடித்த பிறகு, வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அப்படியே வேலை கிடைத்தாலும் முதல் நியமனம் பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்காது. ஆசிரியர் காலியிடங்கள் வட மாவட்டங்களில்தான் அதிகம். எனவே தென்காசிக்காரர் கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலையிலோ வாடகை வீடு பிடித்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரயில் டிக்கெட்டுக்கு அல்லாடி, பொது மாறுதல் கலந்தாய்வு எப்போது வரும் என்று காத்திருப்பார். என்றாவது ஒருநாள் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கிடைக்கும். அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு வகுப்பு காலியாகும். ஒரு பள்ளியின் நிம்மதி இன்னொரு பள்ளியின் காலியிடம். இத்தனை வருடமாக இந்தக் கணக்கு இப்படித்தான் நேராகிக்கொண்டிருக்கிறது.

--- பெட்டிச் செய்தி ---
முதுகலை ஆசிரியர் ஆக...

● தகுதி: ஒரே பாடத்தில் பட்டமும் முதுகலைப் பட்டமும், கூடவே பி.எட்.
● தேர்வு நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.). 1987இல் அமைக்கப்பட்டது.
● முதலில் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தாள். அதில் 20 எடுக்காவிட்டால் அடுத்த தாளை மதிப்பிட மாட்டார்கள்.
● முதன்மைத் தாள் 150 மதிப்பெண்: பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10.
● பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, இன சுழற்சி, கலந்தாய்வு, பணி ஆணை.
● வயது வரம்பு: பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58. ஓய்வு வயது 60. அதாவது 57 வயதில் புது வாத்தியாராகச் சேர்ந்து, மூன்றே வருடத்தில் பிரிவு உபசார விழா மேடை ஏறலாம்!
---

மே 31இன் ரகசியம்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் எந்த நாளில் களைகட்டும் என்று அருவிக்கரைக் கடைக்காரரால் உறுதியாகச் சொல்ல முடியாது. சில வருடம் வைகாசியிலேயே தண்ணீர் வரும். சில வருடம் ஆனி முடியும் வரை பாறை காய்ந்து கிடக்கும். இருந்தாலும் அவர் கொட்டகை போட்டு, சிப்ஸ் சட்டியைக் கழுவி, மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் சொல்லிவைத்துத் தயாராகிவிடுகிறார்.

ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும் நாள் அப்படி நிச்சயமில்லாத விஷயமா? பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி இருக்கிறது. அதோடு 60ஐக் கூட்டினால் போதும். இருபது வருடம் முன்பே தெரிந்துவிடும். அதிலும் தமிழ்நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு அந்த ஆண்டு முடியும் வரை மறுநியமனம் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். இதனால் ஒரு வருடத்தின் ஓய்வுகள் எல்லாம் மே கடைசியில் மொத்தமாக வந்து குவிகின்றன. ஜூனில் பள்ளி திறக்கிறது. அருவி நிறைகிற மாதத்தில் ஆசிரியர் அறை காலியாகிறது.

அப்படியானால் மே 31க்குள் புதியவர் பணி ஆணையோடு வாசலில் நிற்க வேண்டும், இல்லையா? நடந்ததைப் பாருங்கள். முதுகலை ஆசிரியர்களுக்கான தேர்வு 2019இல் நடந்தது, 2,144 இடம். அடுத்தது 2,207 இடங்களுக்கு 2021இல் அறிவிக்கப்பட்டு, 2022 பிப்ரவரியில் நடந்தது. அதற்கடுத்த தேர்வு 1,996 இடங்களுக்கு 2025 அக்டோபர் 12 அன்று. இடையே மூன்றரை வருடத்துக்கு மேல் மௌனம்.

அந்த மௌனம் விழுந்த காலமும் மோசமான காலம். அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. அதனால் இரண்டு வருடம் வயது காரணமாக வீட்டுக்குப் போனவர்கள் அநேகமாக இல்லை. தேங்கிய அந்த ஓய்வு, மடை திறந்தாற்போல 2022 கோடையிலிருந்து வருடந்தோறும் வெளியேறத் தொடங்கியது. வெளியேறும் வாய்க்கால் திறந்த அதே வருடத்தில் உள்ளே வரும் வாய்க்கால் அடைபட்டது. பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முதுகலை இடங்களில் பாதி நேரடித் தேர்வு, மீதிப் பாதி பட்டதாரி ஆசிரியர்களின் பதவி உயர்வு. அந்த இரண்டாவது வழி திறக்கும்போதெல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தவர் மேலே போய்விடுவார். கீழே ஓர் ஓட்டை விழும். போர்வை சின்னது, தலையை மூடினால் கால் தெரியும்.

பூட்டிய ஆய்வுக்கூடம்

காலியிடம் என்பது அலுவலகத்துக்கு ஒரு எண். பள்ளிக்கு அது வாரத்தில் இத்தனை பாடவேளை என்ற கணக்கு. தலைமையாசிரியர் முதலில் செய்வது கைவசம் உள்ள ஆளைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒதுக்குவது. பொதுத்தேர்வு அங்கேதானே? வேதியியல் ஆசிரியர் கூடுதலாக இயற்பியலையும் பார்த்துக்கொள்வார். பக்கத்துப் பள்ளியிலிருந்து வாரம் இரண்டு நாள் மாற்றுப்பணியில் ஒருவர் வருவார். அதுவும் முடியாவிட்டால் பெற்றோர்-ஆசிரியர் கழகம் தன் கைக்காசைப் போட்டு, ஊரில் சும்மா இருக்கும் ஒரு பட்டதாரியைக் கூட்டிவரும், 'பி.டி.ஏ. டீச்சர்' என்று அவருக்குப் பெயர். எல்லாம் சமாளிப்பு. சமாளிப்பில் முதலில் அடிபடுவது பதினோராம் வகுப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததே 2017-18 கல்வியாண்டில்தான். அந்த வருடத்துப் பாடத்தைத் தொடாமலே பல தனியார் பள்ளிகள் நேராகப் பன்னிரண்டுக்குத் தாவின என்பதுதான் அன்று சொல்லப்பட்ட காரணம். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு விடைபெற்றது. பிள்ளைகளின் தலைப்பாரம் இறங்கியது நல்லதுதான். எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பரீட்சை இல்லாத வகுப்புக்கு வாத்தியார் இல்லையென்றால் கேட்க யார் வருவார்கள்? நீட், ஜே.இ.இ. கேள்விகளில் கணிசமான பங்கு பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வருகிறது. இயக்கவியல் தெரியாமல் நீட் இயற்பியலைத் தொட முடியாது.

எண்களிலும் பார்க்கலாம். நீட் தேர்வில் 180 கேள்விகள், 45 இயற்பியல். பொறியியல் கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளிப் பிள்ளை இரண்டு வாசலிலும் கால் பங்கைக் கையில் இல்லாமலே போய் நிற்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மைப் படிப்புகளுக்கும் விரிந்தது. கதவைத் திறந்து வைத்தாயிற்று. வாசல் வரை கைபிடித்துக் கூட்டிவருகிறவரைத்தான் காணோம்.

செய்முறை வகுப்பு இன்னொரு சோகம். இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. அந்த 20க்கு உரிய ஆய்வுக்கூடம் ஜூன் முதல் பூட்டிக் கிடக்கும். ஆசிரியர் பாதி வருடத்தில் வந்து சேர்ந்தால், ஜனவரியில் அவசர அவசரமாகத் திறந்து, தூசி தட்டி, எல்லாச் சோதனைகளையும் மூன்று வாரத்துக்குள் ஓட்டுவார்கள். மதிப்பெண் வந்துவிடும், பிள்ளைகள் மேல் யாருக்கும் கோபமில்லை. கல்லூரிக்குப் போய் முதல் பருவத்தில் வெர்னியர் அளவியைக் கையில் எடுக்கும்போதுதான் விஷயம் தெரியும்.

இன்னொரு விளைவு கணக்கில் வராமலே போகிறது. பத்தாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும், "இங்க ஃபர்ஸ்ட் குரூப்புக்கு சார் இல்ல. காமர்ஸ் எடுத்துக்கிடட்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அக்கறையாகத்தான் சொல்வார்கள். வசதியுள்ள வீடு பிள்ளையைத் தென்காசி டவுன் பள்ளிக்கோ தனியாருக்கோ அனுப்பிவிடும். பெண்பிள்ளையைத் தூரம் அனுப்ப யோசிக்கிற வீடு, குரூப்பை மாற்றிக்கொள்ளும். அந்தப் பிள்ளை எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. எழுதவே இல்லை, அவ்வளவுதான். வணிகவியலில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறியவர்கள் பட்டியலிலும் வந்துவிடும். அந்தப் பட்டியலைப் பார்ப்பவருக்கு எல்லாம் சுபம்.

மாதிரிப் பள்ளியும் மற்ற பள்ளிகளும்

அமெரிக்காவில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு இயங்கும் சார்ட்டர் பள்ளிகளில், கல்லூரிக்குத் தயார்படுத்துவதையே வேலையாகக் கொண்டவை உண்டு. நம்மூரில் அந்த நோக்கத்துக்கு நெருங்கி வருவது அரசு மாதிரிப் பள்ளி. 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் முதல்வர் மு.க. ஸ்டாலின், அன்றைய டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவாலை மேடையில் வைத்துக்கொண்டு 15 மாதிரிப் பள்ளிகளையும் 26 தகைசால் பள்ளிகளையும் தொடங்கிவைத்தார். ஏற்கெனவே இருந்தவற்றோடு சேர்ந்து, அடுத்த வருடமே 38 மாவட்டங்களுக்கும் மாதிரிப் பள்ளி வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் என்று பேசுகிறார்கள், போகவும் செய்கிறார்கள். அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை. விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை சென்னை ஐ.ஐ.டி. வாசலில் நிற்கும் படத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர் யார்?

கேள்வி வேறு. மாதிரிப் பள்ளிக்கென்று டி.ஆர்.பி. தனியாக ஆளெடுப்பதில்லை. அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே பணியாற்றும், நன்றாக நடத்துகிற ஆசிரியர்களிலிருந்துதான் அங்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. மலையடிவாரப் பள்ளி ஒன்றிலிருந்து கெட்டிக்கார மாணவனும் போகிறான். அவனைக் கெட்டிக்காரனாக்கிய சாரும் போகிறார். மிஞ்சியவர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு 18 ஆயிரத்தில் ஆள் தேடுகிறது.

பள்ளியே வாத்தியாரைத் தேர்ந்தெடுத்தால்?

1991இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. பணம் அரசுடையது, நிர்வாகம் பள்ளியுடையது. யாரை வேலைக்கு வைப்பது என்று அந்தப் பள்ளியின் குழுவே முடிவு செய்யலாம். மறு வருடம் செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி என்ற முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அவற்றில் சில, ஆசிரியர் உரிமம் இல்லாதவர்களையும் ஓரளவு சேர்த்துக்கொள்ள அனுமதித்தன. ஆதரவாளர்கள் அதைச் சுதந்திரம் என்றார்கள். ஆசிரியர் சங்கங்கள் மலிவு விலைக் கூலி என்றன. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

சண்டையின் இரண்டு பக்கமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். 2022 ஜூனில் 13,331 தற்காலிக ஆசிரியர்களை இந்தக் குழுக்களே நியமித்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். அதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய், தகுதியுள்ளவர்களைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு நியமனம் நடந்தது. பிறகு தொகுப்பூதியம் 12,000, 15,000, 18,000 என உயர்ந்தது.

ஆக, தன் பிள்ளைக்கு யார் பாடம் நடத்த வேண்டும் என்று ஓர் ஊர் கூடி உட்கார்ந்து பேசும் உரிமை அரசுப் பள்ளிகளில் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது: மிகக் குறைந்த சம்பளத்துக்கு, மிகக் குறுகிய காலத்துக்கு. நிரந்தர முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900. 2025இல் இருந்த 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தாலே 58 ஆயிரத்தைத் தாண்டும். அதே வகுப்பு, அதே நிலை மின்னியல், அதே சாக்பீஸ். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பளம். பாதி வருடத்தில் அந்த டீச்சர் தேர்வுக்குப் படிக்க லீவு போட்டால் யார் குறை சொல்வது?

--- பெட்டிச் செய்தி ---
கடையத்து மாப்பிள்ளையும் தற்காலிகம்தான்!

தென்காசி மாவட்டம் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். பாரதி 1918 கடைசியிலிருந்து 1920 வரை இங்கே வாழ்ந்தார். ஊர் கொண்டாடும் அந்த மாப்பிள்ளை, தமிழாசிரியராக வேலை பார்த்தது மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில். 1904 ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை, மொத்தம் 102 நாள். நிரந்தரம் இல்லை, தற்காலிக நியமனம். சம்பளம் மாதம் பதினேழரை ரூபாய். அதன் பிறகு 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்குச் சென்னை போய்விட்டார். நல்ல தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளிகளால் பிடித்துவைக்க முடிந்ததில்லை, அன்றும்தான்.
---

மறுபக்கம், அரசு உதவிபெறும் பள்ளிகள். இங்கே சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆளை நிர்வாகம் தேர்ந்தெடுக்கிறது. சார்ட்டர் பள்ளிக்கு நூறு வருடம் முந்திய நம்மூர் அண்ணன் என்று சொல்லலாம். கிறிஸ்தவ, இந்து, முஸ்லிம் நிர்வாகங்கள் நடத்தும் இப்படிப்பட்ட பள்ளிகள் தென்காசிப் பக்கம் ஏராளம். தலைமுறை தலைமுறையாக ஆளாக்கிவிட்ட பள்ளிகள் அவற்றில் உண்டு. ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உதவிபெறும் பள்ளியில் இடம் காலி என்று பேச்செடுத்துப் பாருங்கள். அடுத்த கேள்வி, "எவ்வளவு கேக்காவ அண்ணாச்சி?" என்பதாகத்தான் இருக்கும். எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாத கேள்விதான். அது இத்தனை இயல்பாக வாயில் வருவதுதான் கவலை.

கேரள எல்லையைத் தாண்டினால் இந்தக் கதைக்கு ஒரு பெரிய அத்தியாயம் இருக்கிறது. 1956 வரை செங்கோட்டையும் அந்தப் பக்கத்து மண்தான். 1957இல் கேரளத்தின் இ.எம்.எஸ். அரசில் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களைப் பொதுப்பணித் தேர்வாணையம் வழியாகத் தேர்ந்தெடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். சபைகளும் சமுதாய அமைப்புகளும் எதிர்த்தன. விமோசனப் போராட்டம் வெடித்தது. 1959 ஜூலை 31 அன்று ஆட்சியே கலைக்கப்பட்டது. வாத்தியார் நியமனத்தில் கை வைத்தால் நாற்காலி ஆடும் என்ற பாடத்தை அதன் பிறகு எந்த மாநில அரசும் மறந்ததாகத் தெரியவில்லை.

டி.ஆர்.பி. தேர்வின் நியாயம் இங்கேதான் புரிகிறது. பணமும் சிபாரிசும் வேண்டாம், மதிப்பெண் பேசும். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்கு அதைவிட நேர்மையான வாசல் இல்லை. அதை மூடிவிட்டுப் பள்ளிகளிடமே கொடுத்துவிடலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வாசலில் குற்றமில்லை. மூன்றரை வருடத்துக்கு ஒருமுறை திறப்பதுதான் குற்றம். வருடந்தோறும் அக்டோபரில் தேர்வு, மே மாதத்தில் கலந்தாய்வு என்று நாள்காட்டியில் குறித்துவைத்து நடத்த வேறெந்தப் பெரிய சீர்திருத்தமும் தேவைப்படாது.

ஐம்பது வயதில் ஒரு பரீட்சை

பிளஸ் டூவுக்குக் கீழே உள்ள வகுப்புகளில் வேறொரு இடி விழுந்திருக்கிறது. ஒன்று முதல் எட்டு வரை நடத்த ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் 'டெட்' 2012 ஜூலையில். ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் தேறியவர்கள் 2,448 மட்டுமே. மாநிலமே அதிர்ந்துபோய், மூன்று மாதத்தில் மறுதேர்வு வைத்தார்கள்.

பிறகு 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கும் குறைவாக மிச்சம் இருப்பவர்கள் தேறாமலே தொடரலாம். பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிவிட்டார்கள். தமிழக அரசு சீராய்வு மனுப் போட்டது.

தகுதி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இருபது வருடம் நடத்திய டீச்சர், அன்றைய விதிப்படி தகுதியோடுதான் வேலைக்கு வந்தார். இப்போது பகலில் ஐந்தாம் வகுப்பு, இரவில் குழந்தை உளவியல் கைடு. மகளும் அம்மாவும் ஒரே தேர்வுக்கு ஒரே மேசையில் படிக்கும் வீடுகளைத் தென்காசியில் தேடிப் போக வேண்டியதில்லை. பொதுப் பிரிவென்றால் 150க்கு 90 எடுக்க வேண்டும். அம்மா தேறாவிட்டால் ஒரு வகுப்பறை காலி; மகள் தேறினாலும் அந்த இடம் அவளுக்கு உடனே வந்துவிடாது. 2018இல் போட்ட அரசாணைப்படி டெட் தேறியவர்கள் இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

மத்தளம்பாறையின் கணக்கு

தென்காசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மத்தளம்பாறை. சோஹோ நிறுவனம் 2011இலேயே அங்கே அலுவலகம் போட்டுவிட்டது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடியும் வந்தார். பிளஸ் டூ முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலை கொடுக்கும் சோஹோ பள்ளி 2004இல் தொடங்கிய முயற்சி. கல்லூரிப் பட்டம் கேட்பதில்லை. கொரோனா முடக்கத்தின்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்லத் தொடங்கியது கலைவாணி கல்வி மையமாக வளர்ந்தது. பட்டம் இல்லாமல் மென்பொருள் எழுதலாம் என்று அவர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் அந்த வகுப்புக்கு வந்து உட்காரும் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கு டீச்சர் இருந்திருப்பார்.

மே மாதக் கடைசி நாள் ஒன்றில் ஏதாவதொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். ஓய்வு பெறும் இயற்பியல் சாருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். பழைய மாணவர்கள் மோதிரம் போடுவார்கள். ஒருவன் பெங்களூரிலிருந்து இதற்கென்றே வந்திருப்பான். சொந்தக்காரர்கள் வேனில் காத்திருப்பார்கள். எல்லாம் முடிந்து, மாலையோடு அவர் தலைமையாசிரியர் அறைக்குப் போய், ஆய்வுக்கூடச் சாவிக்கொத்தை மேசையில் வைப்பார்.

"யாருட்ட குடுக்கணும் சார்?"

"இப்பம் என்ட்டயே இருக்கட்டும் சார்."

டிராயர் மூடும் சத்தம் கேட்கும். வெளியே, அந்த வருடத்தின் முதல் சாரல்.